வகுப்புக்குப் போகணும்னு கட்டாயமில்லை... சம்மர்ஹில் பள்ளியில் சேர்வது யார்?

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் லெய்ஸ்டன் என்ற சிறிய ஊரில் இருக்கிறது சம்மர்ஹில் உறைவிடப் பள்ளி. பாடவேளை உண்டு; ஆனா வகுப்புக்குப் போவதும் போகாததும் மாணவர் இஷ்டம். பள்ளி விதிகளைக் கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள். ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு, சின்னப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. 1921-ல் ஏ.எஸ்.நீல் தொடங்கிய இந்தப் பள்ளி நூறாண்டைக் கடந்துவிட்டது.

எத்தனை மாணவர்கள்?

2000-ம் ஆண்டு வாக்கில் சுமார் 60 பேர். பெரிய பள்ளி ஒன்றில் இரண்டு செக்‌ஷன் அளவுதான். அரசு நிதி கிடையாது. கட்டணம்தான் முக்கிய வருமானம். 60 பேரில் 3 பேர் விலகினாலே 5 சதவீதம் போச்சு. இங்கே ஒவ்வொரு அட்மிஷனும் பள்ளியின் ஆயுள் சம்பந்தப்பட்டது.

எங்கிருந்து வருகிறார்கள்?

1950-களின் இறுதியில் சேர்க்கை ரொம்பவே சரிந்திருந்தது. 1960-ல் நீலின் ‘சம்மர்ஹில்’ புத்தகம் அமெரிக்காவில் வெளியானதும் நிலைமை மாறியது. அமெரிக்கப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினார்கள். 1969-ல் வந்த ஜெர்மன் பதிப்பு பல லட்சம் பிரதிகள் விற்றது. பின்னாளில் ஜெர்மனி, ஜப்பான், கொரியா, தைவான் மாணவர்களும் வந்தார்கள். உள்ளூர்ப் பள்ளிக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். இங்கே, புத்தகம் எந்த ஊருக்குப் போனதோ அந்த ஊரிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள்.

மூடும் நிலை வந்தது ஏன்?

1999-ல் அரசின் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் கடும் அறிக்கை கொடுத்தது. வகுப்புக்கு வராமலிருக்கும் சுதந்திரமே பிரச்சினை என்றது அரசு. அதற்குப் பணிந்தால், அந்தச் சுதந்திரத்தைத் தேடி வரும் குடும்பங்களுக்கு அங்கே என்ன வேலை? பள்ளி தீர்ப்பாயத்துக்குப் போனது. 2000 மார்ச்சில் அரசுத் தரப்பு சமரசத்துக்கு இறங்கி வந்தது. ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்று லண்டன் நீதிமன்ற அறையிலேயே மாணவர்கள் கூடி ஓட்டுப் போட்டார்கள். வகுப்புச் சுதந்திரம் தப்பியது.

யார் வரவில்லை?

கட்டணம் கட்ட முடியாதவர்கள். தன் பள்ளிக்கு நடுத்தர வர்க்கப் பிள்ளைகளே அதிகம் வருவது நீலுக்கே குறையாகத்தான் இருந்தது. உள்ளே எல்லோருக்கும் சம ஓட்டு. வாசலைத் தாண்ட மட்டும் காசு வேணும்.