உங்களுக்குத் தெரியுமா? மார்கழியில் நாற்றுவிடும் ஊர்கள்

தஞ்சையில் சம்பா கதிர் முற்றி அறுவடைக்குக் காத்திருக்கும் நேரத்தில், ஊரப்பாக்கத்தைச் சுற்றியுள்ள செங்கல்பட்டு மாவட்டச் சிறு விவசாயி அடுத்த நெல்லுக்கு விதை ஊறவைப்பார். டிசம்பர், ஜனவரியில் தொடங்கும் இந்தப் போகத்துக்கு ‘நவரை’ என்று பெயர். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரியை நம்பியே பெரும்பாலும் இது நடக்கும். காவிரியின் தயவு இங்கே கிடையாது. 120 நாளுக்குள் விளையும் குறுகிய கால ரகங்களே ஏற்றவை. கோடையில் ஏரி வற்றுவதற்குள் கதிர் வீட்டுக்கு வந்தாக வேண்டுமே!

மார்கழிப் பனி நெல்லுக்கு ஆகாது, முளைப்பு மந்தமாகும். விதையை ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோலை அழுத்தி மூடுவார்கள். கையை உள்ளே விட்டால் கதகதப்பு தெரியும். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலில் தூவ வேண்டியதுதான். முளை நீண்டுவிட்டால் தூவும்போது ஒடியும்.

மார்கழியில் வாசலிலும் இன்னொரு வேலை உண்டு. கோலத்தின் நடுவே பூசணிப்பூ செருகிய சாணி உருண்டைகளைத் தட்டிக் காயவைத்து, பொங்கல் அடுப்புக்குச் சேர்ப்பார்கள். ஜி.எஸ்.டி. சாலையோரம் வயல்கள் மனைகளாகிவிட்ட ஊர்களில் சாணிக்கு எங்கே போவது? மாடு வைத்திருப்பவர் வீட்டுக்கு அந்த மாதம் மவுசுதான்.