கடன் எதற்கு? ‘படிப்புக்கு’

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே மாதத்தில் வருகிறது. அடுத்த சில வாரங்களுக்குள் கல்லூரியில் இடம் பிடித்தாக வேண்டும். கலந்தாய்வுக்குப் போய்வரும் செலவு, முதல் பருவக் கட்டணம், விடுதி முன்பணம், இரண்டு செட் உடுப்பு, ஒரு கைப்பேசி என எல்லாச் செலவும் சேர்ந்தாற்போல் வந்து நிற்கும். கூலி வேலை பார்க்கும் வீட்டில் அந்த நேரத்தில் கையில் காசு இருக்காது.

அரசு உதவி இல்லாமல் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி உயர்கல்விக்குப் போனால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தைத்தான் 2022 செப்டம்பரில் இப்படிப் படிப்புக்கான உதவியாக மாற்றினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைக் கல்லூரிக்குத் திருப்பியது நல்ல காரியம். பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் அதே தொகை வந்துவிட்டது. ஆனால் இந்த ஆயிரத்தை வாங்க முதலில் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்வதற்கான பணம் எங்கிருந்து வரும்? வங்கிக் கல்விக் கடன் லட்சக் கணக்கில் செலவாகும் படிப்புக்குச் சரி. எட்டாயிரம் ரூபாய் தேவைப்படுகிறவர் அந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைய மாட்டார்.

அந்தச் சில வாரங்களில் கிராமத்துத் தாய்மார்கள் பலர் போய் நிற்கும் இடம் மகளிர் சுய உதவிக் குழு. மாடு, தையல் மெஷின், ஊறுகாய் என்றே இந்தக் குழுக்களைப் பற்றி எழுதிப் பழகிவிட்டோம். கல்விக்கு அவை செய்துவரும் வேலை கணக்கில் அதிகம் ஏறுவதில்லை.

குழு நடக்கும் முறை எளிமையானது. ஒரே தெருவையோ பக்கத்துத் தெருவையோ சேர்ந்த பத்து முதல் இருபது பெண்கள் ஒன்று சேர்கிறார்கள். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். பதினைந்து பேர் ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சந்தா போட்டால் மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. இந்தச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்கே கொடுப்பது உள்கடன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி வைத்தால், 10,000 ரூபாய் வாங்கியவர் முதல் மாதம் கட்டும் வட்டி 100 ரூபாய். அதுவும் குழுவின் பொதுப் பணத்திலேயே சேரும். வெளியில் பத்து வட்டிக்கு வாங்கினால் அதே கடனுக்கு மாதம் 1,000 ரூபாய் போய்விடும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. பத்து வட்டி இன்னும் போகவில்லை.

வட்டியைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். இந்த மாதம் யாருக்கு முதலில் என்று கூட்டத்திலேயே பேசி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வருமானச் சான்று, சொத்துப் பத்திரம் எதுவும் வேண்டாம்.

இந்த நிலைக்கு வர நாளானது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் அமைக்க ஆரம்பித்தார்கள். ஈடு வைக்க ஏதுமில்லாத பெண்களுக்கு, அதுவும் பதிவே செய்யாத ஒரு குழுவுக்கு எப்படிக் கடன் கொடுப்பது என்பது வங்கிகளின் தயக்கம். ரிசர்வ் வங்கி பச்சைக்கொடி காட்டிய பிறகு, 1992இல் ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதித்துப் பார்த்தது. அங்கிருந்து தொடங்கியதுதான் இன்றைய வங்கி இணைப்பு. ஆறு மாதம் ஒழுங்காகக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு எல்லாம் நடந்தால் குழுவுக்குத் தர மதிப்பீடு. பிறகு சுழல் நிதி. அதற்குப் பிறகு வங்கிக் கடன். இப்போது 20 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது விதி.

அதே காலத்தில் புதுக்கோட்டையில் நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்கு விட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தால் வங்கிக்குள் நுழையலாம், சைக்கிள் தெரிந்தால் வேலை இருக்கும் ஊருக்குப் போகலாம் என்று படிப்பையும் பிழைப்பையும் பிரிக்காமல் பார்த்த முயற்சி அது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதையும் இந்த வரிசையில்தான் வைக்கத் தோன்றுகிறது.

வேலை விஷயத்தில் குழுக்களின் பங்கு இன்னும் நேரடியானது. 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, சமைக்கும் பொறுப்பு குழுப் பெண்களுக்கு வந்தது. அதிலும் அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்க்கு முன்னுரிமை. சம்பளம் பெரிதல்ல. ஆனால் காலையில் சில மணி நேரத்தில் முடியும் வேலை என்பதால், பிறகு வேறு வேலைக்கும் போகலாம். உப்புமாவில் காய் குறைந்தால் கேட்பதற்கு வீட்டிலேயே ஆள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன பெண்ணுக்கு, குழுக் கணக்கு எழுதிப் பழகுவதே ஒரு பயிற்சி. குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கணக்காளராகவோ பயிற்றுநராகவோ அவர் வேலைக்குச் சேர அது வழி திறக்கிறது. 15 முதல் 35 வயதுக்குட்பட்ட கிராமப்புற இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாயா திறன் பயிற்சி பற்றிய செய்தியும் பல ஊர்களில் இந்தக் கூட்டமைப்பு வழியாகத்தான் வீடு வந்து சேர்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மாதம் 200 ரூபாய் போட முடியாத வீடுதான் ஊரிலேயே ஏழை வீடு. அந்த வீட்டுப் பெண் குழுவுக்கு வெளியேதான் நிற்பார். இதற்காகவே 2005இல் வந்த புது வாழ்வுத் திட்டத்தில், யார் மிகவும் ஏழை என்று ஊர் மக்களே கூடி முடிவு செய்யும் மக்கள் நிலை ஆய்வைக் கொண்டுவந்தார்கள். அப்படியும் ஊர் ஊராகப் போய் வேலை செய்யும் செங்கல்சூளைக் குடும்பம் எந்தப் பட்டியலிலும் நிலைப்பதில்லை.

இன்னொரு குழப்பம் பெயரால் வருவது. தனியார் நுண்கடன் நிறுவனங்கள் தருவதும் ‘குழு லோன்’தான். அங்கே பொதுச் சேமிப்பு கிடையாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அவ்வளவுதான். தவணை நாளில் வீட்டு வாசலில் வந்து உட்காரும் வசூல்காரர்களால் நொந்தவர்கள் அதிகம். வற்புறுத்தி வசூலிப்பதற்கு எதிராக 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பிள்ளை படிப்புக்கு என்று ‘குழு லோன்’ வாங்குகிறவர், அது எந்தக் குழு என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக விதி ஒன்று. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கக் குழுக்களுக்கான ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில், கடனைச் சமூகத் தேவைக்கும் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. கல்விக் கட்டணம் அதில் அடங்கும். ஆனால் கடன் 2 லட்சத்தைத் தாண்டினால் பாதியும், 4 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதமும், 6 லட்சத்தைத் தாண்டினால் 85 சதவீதமும் வருமானம் தரும் தொழிலுக்குப் போக வேண்டும். கடன் முடங்காமல் திரும்பி வர வேண்டும் என்ற கவலை புரிகிறது. நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், குழு வளர்ந்து பெரிய கடன் வாங்கத் தகுதி பெறும்போது, கட்டணத்துக்கு ஒதுக்க முடிகிற பங்கு சுருங்குகிறது. செவிலியர் படிப்பில் மகளைச் சேர்க்கிற தாய், நோக்கம் என்ற இடத்தில் ‘கறவை மாடு’ என்று எழுதிக் கொடுக்கிறார். வங்கி மேலாளருக்கும் இது தெரியாத சங்கதியல்ல. மூன்று வருடத்தில் அந்தப் பெண் சம்பளம் வாங்கப் போகிறாள் என்றால் அதுவும் வருமானம் தரும் முதலீடுதான். குழுவின் கல்விக் கடனைத் தொழில் கணக்கிலேயே சேர்க்கும்படி விதியை மாற்றினால், அந்தத் தாய் பொய் எழுத வேண்டியதில்லை, குழுக்கள் எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தன என்ற கணக்கும் கிடைக்கும்.