தனியாகப் போகலாம்... தகவல் சொல்லாமல் போகக் கூடாது! நேபாள மலைக்கு பஸ் ஏறும் முன் தெரிய வேண்டியவை

கோரக்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், சுனௌலி போகும் பஸ்களும் ஜீப்களும் நிற்கும். சுமார் மூன்று மணி நேரப் பயணம். அங்கே ஒரு வளைவு. முதுகில் பையோடு அதன் கீழே நடந்தால் அவ்வளவுதான், நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். விசா கிடையாது. அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், பல நேரம் அதுவும் இல்லை. இந்தியர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக முத்திரையும் குத்துவதில்லை.

1950-ல் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட ஒப்பந்தம் தந்திருக்கும் வசதி இது. தனியாக பஸ்ஸிலேயே போய் இமயமலையில் நடந்துவிட்டு வரலாம் என்ற ஆசை பலருக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். செலவு குறைவு, யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், தோன்றிய இடத்தில் நிற்கலாம்.

ஆனால் இந்த வசதிக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. முத்திரை இல்லை என்றால், நீங்கள் எல்லையைத் தாண்டியதற்குப் பதிவும் இல்லை. மலையில் ஏதாவது ஆனால், உங்களை எங்கே தேடுவது என்பது மட்டுமல்ல, உங்களைத் தேட வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

முதலில் ஒரு சந்தேகம்: தனியாக நடக்க அனுமதி உண்டா?

2023 ஏப்ரல் 1 முதல் நேபாள சுற்றுலா வாரியம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. அதன்படி பெரும்பாலான மலையேற்றப் பாதைகளில் வெளிநாட்டினர் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் நடக்க வேண்டும். 'டிம்ஸ்' எனப்படும் மலையேற்றப் பதிவு அட்டையையும் பதிவுபெற்ற ஏஜென்சி மூலம்தான் வாங்க வேண்டும். சார்க் நாட்டினருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 2,000 நேபாள ரூபாய் என்று அப்போது கட்டணம் அறிவிக்கப்பட்டது.

விசா வேண்டாம் என்பதால் இந்த விதி இந்தியர்களுக்கு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மலையேற்ற விதிகளைப் பொறுத்தவரை இந்தியரும் வெளிநாட்டவர்தான்.

அதேநேரம் நடைமுறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. எவரெஸ்ட் இருக்கும் கும்பு பகுதியின் உள்ளாட்சி நிர்வாகம், தன் எல்லைக்குள் வழிகாட்டி கட்டாயமில்லை என்று அப்போதே அறிவித்துவிட்டது. அங்கே உள்ளூர் அனுமதிச் சீட்டு முறை தனியாக இருக்கிறது. விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் வாரத்தில் சுற்றுலா வாரியத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

இந்த விதியால் வழிகாட்டிகளுக்கு வேலை கிடைக்கிறது என்பது உண்மை. தனியாகச் சென்று தொலைந்தவர்களைத் தேடுவதில் இருக்கும் சிரமமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அது எவ்வளவு பெரிய சிரமம் என்பதற்கு 2017-ல் நடந்த சம்பவம் ஒன்றே போதும்.

47 நாட்கள்

2017 மார்ச் மாதம் தைவானைச் சேர்ந்த ஓர் இளைஞரும் அவருடைய தோழியும் காத்மாண்டுவுக்கு வடக்கே உள்ள மலைப்பகுதியில் வழிகாட்டி இல்லாமல் நடக்கத் தொடங்கினார்கள். பனிப்பொழிவில் வழி தவறியது. குறிப்பிட்ட நாளில் தொடர்புகொள்ளாததால் குடும்பத்தினருக்குச் சந்தேகம் வந்து, தேடுதல் தொடங்கியது. காணாமல் போய் 47 நாட்கள் கழித்து, ஏப்ரல் 26-ம் தேதி, ஒரு பள்ளத்தாக்கில் இருவரையும் கண்டுபிடித்தார்கள். இளைஞர் உயிரோடு இருந்தார். தோழி அதற்கு மூன்று நாட்களுக்கு முன்புதான் இறந்திருந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 'இந்த நாளில் பேசுவார்கள்' என்று வீட்டில் எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். அதனால்தான் தேடுதலே தொடங்கியது. அப்படிச் சொல்லிவிட்டு வராதவரை யார், எப்போது தேடத் தொடங்குவார்கள்?

மலைக்கு முன்பே இருக்கும் ஆபத்து: பஸ்

மலையேற்றம் என்றதும் எல்லோரும் பனியையும் பாறையையும் நினைத்துத்தான் பயப்படுவார்கள். ஆனால் அதற்கு முன்பே சாலை இருக்கிறது.

சுனௌலிக்கு அந்தப் பக்கம் பைரஹவாவிலிருந்து காத்மாண்டுவுக்கு பஸ் உண்டு. நாராயண்காட், முக்லிங் வழியாக, நெடுந்தூரம் திரிசூலி ஆற்றை ஒட்டியே சாலை போகும். ஒரு பக்கம் மலைச்சரிவு, இன்னொரு பக்கம் ஆறு. சாலை நிலைமையைப் பொறுத்து 8 மணி நேரமும் ஆகலாம், 12 மணி நேரமும் ஆகலாம்.

2024 ஜூலை 12-ம் தேதி அதிகாலை, இதே நாராயண்காட்-முக்லிங் சாலையில் சிமல்தால் என்ற இடத்தில் நிலச்சரிவு. 60-க்கும் மேற்பட்டோருடன் வந்த இரண்டு பஸ்களை அது ஆற்றுக்குள் தள்ளியது. மூன்று பேர் மட்டும் நீந்திக் கரையேறினார்கள். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 23-ம் தேதி, பொக்காராவிலிருந்து காத்மாண்டு சென்ற இந்திய பஸ் ஒன்று மர்ஸ்யாங்டி ஆற்றோரம் கவிழ்ந்து 27 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மகாராஷ்டிராவைச் சேர்ந்தவர்கள்.

இரண்டும் மழைக்காலத்தில் நடந்தவை. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் எளிமையானவை:

- ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைச்சாலைப் பயணத்தைத் தவிர்க்கலாம். அக்டோபர்-நவம்பர், மார்ச் முதல் மே வரை நல்ல காலம்.
- ஓட்டல் செலவு மிச்சம் என்று இரவு பஸ் ஏற வேண்டாம். பகல் பஸ்ஸில் போங்கள்.
- பஸ் பெயர், வண்டி எண், கிளம்பிய நேரம் மூன்றையும் ஒரு மெசேஜில் வீட்டுக்கு அனுப்புங்கள். பத்து நொடி வேலை.
- நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும். போனில் நேரம் மாறவில்லை என்றால், காலை 7 மணி பஸ்ஸை நீங்கள் விடுவது நிச்சயம்.

உதாரணத்துக்கு லாங்டாங்

பஸ்ஸில் போய் இறங்கி நேராக நடக்கத் தொடங்கக்கூடிய பாதைகளில் லாங்டாங் பள்ளத்தாக்கு பிரபலம். காத்மாண்டுவின் மச்சாபோகரி பகுதியில் காலையில் பஸ் ஏறினால், துன்சே வழியாக சியாப்ருபேசியில் இறங்கலாம். 120 கிலோமீட்டரைச் சுற்றி வரும் தூரம்தான். ஆனால் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். லாங்டாங் தேசியப் பூங்காவுக்கான நுழைவுச் சீட்டையும் வழியிலேயே சரிபார்ப்பார்கள்.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தின்போது பனியும் பாறையும் சரிந்து மூடியது இந்த லாங்டாங் கிராமத்தைத்தான். 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அருகிலேயே ஊரை மறுபடி கட்டினார்கள். இன்று மலையேறிகள் தங்கும் விடுதிகள் பல அந்தக் குடும்பங்கள் நடத்துபவை.

சியாப்ருபேசி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதையின் கடைசி ஊரான கியாஞ்சின் கோம்பா சுமார் 3,870 மீட்டர். நம்ம ஊரோடு ஒப்பிட்டால், தமிழ்நாட்டின் உயரமான சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதாவது நாம் உச்சி என்று ஏறி செல்ஃபி எடுக்கும் இடத்தைவிட 1,200 மீட்டர் மேலே போய், அங்கே ராத்திரி தூங்கப் போகிறீர்கள்.

ஜிம் பாடி காப்பாற்றுமா?

காப்பாற்றாது. சுமார் 2,500 மீட்டரைத் தாண்டினாலே உயர மலை நோய் வரலாம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. கியாஞ்சின் கோம்பா உயரத்தில் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. உடல் இதற்குப் பழக நாட்கள் வேண்டும். மாரத்தான் ஓடுபவருக்கும் வரலாம், ஐம்பது வயதுக்காரருக்கு வராமலும் போகலாம். சொல்லப்போனால் நல்ல உடல்தகுதி இருப்பவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் மாட்டிக்கொள்வதும் உண்டு.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டருக்கு மேல் போனால், முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்கக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும்.

லாங்டாங்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். முதல் நாள் லாமா ஹோட்டல் என்ற இடம், சுமார் 2,450 மீட்டர். மறுநாள் பலரும் நேராக லாங்டாங் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். அது 3,430 மீட்டர். ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,000 மீட்டர்! நடுவில் 3,000 மீட்டரை ஒட்டிய கோடாதபேலாவில் ஓர் இரவு தங்கினால் கணக்கு சரியாகிவிடும். ஒரு நாள் கூடும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு நாள்தான் பலரிடம் இருப்பதில்லை. 'திங்கட்கிழமை ஆபீஸ்' என்ற நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது ஓய்வு நாள்தான். சென்னையிலிருந்து ரயில், பஸ் என்று தரை வழியிலேயே போய்த் திரும்புவதானால், பயணத்துக்கே ஏழெட்டு நாட்கள் போய்விடும். நடைக்கு இன்னொரு எட்டு நாள். இரண்டு வார லீவில் இதை அடக்கப் பார்ப்பது ஆபத்து. லீவு குறைவு என்றால் ஒரு பக்கமாவது விமானத்தில் போவது நல்லது. வெட்ட வேண்டியது பஸ் நாளைத்தான், ஓய்வு நாளை அல்ல.

தனியாகப் போவதில் உண்மையான சிக்கல்

உயர மலை நோய் தலைவலியில் தொடங்கும். கூடவே குமட்டல், சோர்வு, தலைசுற்றல், பசியின்மை. இந்த நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்டுகொள்ளாமல் ஏறினால் நிலைமை மோசமாகலாம். நுரையீரலில் நீர் சேர்ந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். மூளை வீங்கினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், யோசனை குழம்பும்.

சிக்கல் இங்கேதான். குழம்பிப்போன மூளைக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. 'எனக்கு ஒண்ணும் இல்ல, கொஞ்சம் படுத்தா சரியாகிடும்' என்றுதான் அது சொல்லும். கூட இருப்பவர்தான் 'உன் நடையே சரியில்ல, கீழே இறங்கலாம்' என்று சொல்ல வேண்டும். தனியாகப் போகிறவருக்கு அந்த ஆள் இல்லை.

அதனால் அந்த வேலையைச் செய்ய ஒருவரை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வழிகாட்டி இருந்தால் அவர். இல்லையென்றால் விடுதி நடத்தும் அக்கா, பக்கத்து மேஜையில் சாப்பிடும் பயணி, யாராக இருந்தாலும் சரி. 'நான் தனியாக வந்திருக்கிறேன், காலையில் நான் எழுந்து வரவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள்' என்று கூச்சமில்லாமல் சொல்லி வையுங்கள். ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் ஒட்டி, நேர்கோட்டில் பத்தடி நடந்து காட்டச் சொல்வது எளிய சோதனை. தள்ளாடினால் இரவானாலும் கீழே இறங்க வேண்டும், தனியாக அல்ல, துணையோடு.

அசிடசோலமைடு என்ற மாத்திரை உடல் பழகுவதற்கு உதவும். ஆனால் எல்லோருக்கும் ஏற்றதல்ல, குறிப்பாக சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். டாக்டரிடம் கேட்டு, ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டுவிட்டோம் என்று வேகமாக ஏறலாமா என்றால், கூடாது.

பையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை: பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை. 15 முதல் 65 வயது வரையுள்ளவர்களுக்கு ஆதார் செல்லாது. கையில் ஆதார் மட்டும் வைத்துக்கொண்டு எல்லை வரை போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பணம்: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். பெரிய இந்திய நோட்டுகளைக் கொண்டுபோவதற்கான விதிகள் மாறி மாறி வந்திருப்பதால், 100 ரூபாய் நோட்டுகளே சிக்கலில்லாதவை. 2024 மார்ச் முதல் நகரக் கடைகளில் க்யூஆர் கோடு மூலம் யுபிஐ பணம் செலுத்தும் வசதி வந்திருக்கிறது. ஆனால் மலைப்பாதையில் அதை நம்ப முடியாது. மொத்தச் செலவுக்கும் நேபாள ரூபாயாகக் கையில் இருக்க வேண்டும்.

சிம்: இந்திய சிம் சர்வதேச ரோமிங் இல்லாமல் வேலை செய்யாது. காத்மாண்டுவில் உள்ளூர் சிம் வாங்கி, அந்த எண்ணை வீட்டில் கொடுங்கள். நேபாள போலீஸ் 100, சுற்றுலா போலீஸ் 1144.

காப்பீடு: பாலிசியில் மலையேற்றம் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஹெலிகாப்டர் தேவையா என்பதை முடிந்தவரை காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசி முடிவு செய்யுங்கள். தேவையில்லாத மீட்புகளைக் காட்டி காப்பீட்டுப் பணம் கறக்கும் மோசடி 2018-ல் நேபாள அரசின் விசாரணையிலேயே வெளிவந்தது. அதற்காக, உண்மையிலேயே மூச்சுத் திணறும்போது தயங்கி நிற்கவும் கூடாது.

கிளம்பும் முன் ஒரு பக்கம்

இவ்வளவையும் செய்தாலும், மிக முக்கியமானது செலவே இல்லாத ஒரு வேலை. ஒரு வெள்ளைத்தாள் போதும். எந்தெந்த நாள் எந்த ஊரில் தூங்குவீர்கள், ஏஜென்சி மற்றும் வழிகாட்டியின் எண், காப்பீட்டு எண், ரத்த வகை, கடைசியாக ஒரு தேதி. 'இந்தத் தேதி இரவு வரை நான் பேசவில்லை என்றால், அடுத்த நாள் காலை இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்' என்று எழுதி, வீட்டில் ஒருவரிடமும் நண்பர் ஒருவரிடமும் கொடுங்கள். மேலே பல இடங்களில் சிக்னல் இருக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டாம் நாளே வீடு ரெண்டுபடும். திட்டம் மாறினால், சிக்னல் கிடைக்கும் அடுத்த இடத்திலிருந்து ஒரு மெசேஜ். விடுதிகளில் பதிவேடு இருந்தால் பெயரையும், அடுத்து போகும் ஊரையும் எழுதிவிட்டு நகருங்கள்.

'சொன்னா விட மாட்டாங்க' என்று வீட்டில் கோவா, மணாலி என்று பொய் சொல்லிக் கிளம்புகிறவர்களும் உண்டு. வீட்டில் சொல்ல முடியாத சூழல் என்றால், நம்பிக்கையான நண்பர் ஒருவருக்காவது முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லையில் உங்கள் பெயரை யாரும் எழுதி வைக்கப் போவதில்லை. அதை நீங்களே எழுதி, ஒருவர் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.