கண்டிச்சீமைக்கு ஆள் கட்டிய செடி

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு உருவம் கிடையாது. சந்தனம் அப்பிய கதவுதான் சாமி. கொடுக்கல் வாங்கலில் தகராறு என்றால் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் இந்தக் கதவின் முன்னால் வந்து சத்தியம் செய்து தீர்த்துக்கொள்வார்கள். போன ஆடியில் அங்கே ஓர் இளைஞர் சூடம் ஏற்றிவிட்டு, பாஸ்போர்ட்டைக் கதவைப் பார்க்க ஏந்திக் கண்மூடி நின்றார். மேலூர்ப் பக்கம். துபாயில் கட்டட வேலைக்குப் போகிறார். பேச்சுக் கொடுத்தேன். “கம்பெனிக்காரங்க யாரையும் நான் பாத்ததில்லண்ணே. அவங்களும் என்னயப் பாத்ததில்ல. நடுவுல ஏஜென்ட் மட்டுந்தான்” என்றார்.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதலாளி, இந்தப் பக்கத்து ஆளை முகம் பாராமல் எப்படி வேலைக்கு எடுக்கிறார்? மதுரை, ராமநாதபுரம், திருச்சிச் சீமைகள் இந்தக் கேள்வியை 19ஆம் நூற்றாண்டிலேயே சந்தித்துவிட்டன. அப்போது எத்தனை பேர், எவ்வளவு காலத்துக்கு, யார் யார் என்பதைத் தீர்மானித்ததில் துரைமாருக்கு இருந்த பங்கு இரண்டு செடிகளுக்கும் இருந்தது. அதுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு.

முதல் செடி காப்பி. இலங்கையின் கண்டி மலைகளில் பிரிட்டிஷார் காடழித்து அதைப் பயிரிட்டார்கள். காப்பி பருவம் பார்த்துப் பூத்து, மாதக்கணக்கில் காய்த்து, ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுக்கும். பழம் பறிக்க ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஆள் வேண்டும். அதன் பிறகு அவ்வளவு பேருக்கு அங்கே சோறு போடத் தோட்டக்காரர் தயாரில்லை. ஆகவே வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தோணியில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே சுமார் 200 கிலோமீட்டர் மாத்தளைக்கு நடந்து, பறிப்பு முடிந்ததும் அதே வழியில் ஊர் திரும்பினார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் அந்தப் பாதையில் எத்தனையோ பேரைத் தின்றன.

1869இல் காப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்தது. இலைத்துரு நோய். அந்தத் தூள் முழுக்கப் பூஞ்சையின் வித்துகள். காற்றும் மழையும் அவற்றைத் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோக, இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் படுத்துவிட்டது. அதே காலத்தில்தான் இங்கே தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. ஊரில் பிழைக்க வழியில்லாதவர்கள் கண்டிச்சீமைக்குக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள்.

காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. விட்டுவைத்தால் மரமாகிவிடும் இனம் இது. கொழுந்தின் நுனியில் ஆக்சின் என்ற வேதிப்பொருள் சுரந்து தண்டு வழியே கீழே இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை, கீழே இலைக்கக்கத்தில் இருக்கும் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். விரலால் ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ கிள்ளியதும் ஆக்சின் வரத்து நிற்கிறது. உறங்கிய மொட்டுகள் விழித்துப் புதுக்கொழுந்து விடுகின்றன. ஏழு முதல் பத்து நாளில் மறுபடி கிள்ளியாக வேண்டும். தாமதித்தால் முற்றிவிடும், தூளுக்கு ஆகாது. வருஷம் முழுக்க மழை பெறும் மலையில் இந்தச் சுற்றுக்கு ஓய்வே கிடையாது.

ஆக, தேயிலைக்குப் பருவத்துக்கு வந்துபோகிறவர் போதாது, குடியிருக்கும் குடும்பம் வேண்டும். கொழுந்து கிள்ளப் பெண்கள், கவ்வாத்து வெட்ட ஆண்கள், எல்லாரும் தங்க வரிசையாக லயங்கள். ஒரு மொட்டின் உறக்கமும் விழிப்பும் லட்சக்கணக்கான தமிழ்க் குடும்பங்களை மலையகத்தில் நிலைகொள்ள வைத்தன.

ஆளைச் சேர்த்தவர் கங்காணி. கண்காணிப்பவர் என்பதே பெயரின் பொருள். துரை அவரிடம் முன்பணம் கொடுப்பார். அவர் சொந்த ஊருக்கு வந்து, உறவிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் கட்டுவார். பயணச் செலவு, அரிசி, வீட்டின் பழைய கடன் எல்லாம் அந்தப் பணத்தில்தான். எல்லாம் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அதற்கேற்பக் கங்காணிக்கும் தலைக்காசு உண்டு. ஆள் ஓடிப்போனால் நட்டம் அவருக்கு. முகம் தெரியாத துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நம்பிக்கை என்று இருந்தது, ஊர்ப்பழக்கமும் கடனும் சேர்த்து முறுக்கிய கயிறுதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் உலோக வில்லை. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண். எழுதப் படிக்கத் தெரியாதவர் கையிலும் அது பேசும். துறைமுக முகாமில் நீட்டினால் எந்த மலைக்கு அனுப்ப வேண்டும், செலவை யார் கணக்கில் எழுத வேண்டும் என்று குமாஸ்தாவுக்குத் தெரிந்துவிடும். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனை முடிந்து பயணம் தொடர்ந்தது. கணினி இல்லாத காலத்தில் இது அசாத்தியமான தகவல் ஏற்பாடு. ஆனால் சரக்குப் பொட்டலத்தில் ஒட்டும் முகவரிச்சீட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அதைவிடக் கொடியது ‘துண்டு’. இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம். வேறு தோட்டம் போக விரும்பினால் அந்தக் கடனைப் புதுத் துரை ஏற்க வேண்டும். அது மறுபடி அதே தலையில் ஏறும். 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. மறுவருஷம் இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டம் வந்தது. 1939இல் இந்திய அரசு உடலுழைப்பாளர் இலங்கை செல்வதையே தடைசெய்தது. பிறகு நடந்தது தனிச்சோகம்: 1948இல் அவர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம், 1964இல் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். மூன்று தலைமுறை கொழுந்து கிள்ளிய குடும்பங்கள், எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வியோடு கப்பல் ஏறின.

இன்று நடப்பில் இருப்பது 1983ஆம் வருடத்துக் குடிப்பெயர்வுச் சட்டம். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் ‘இசிஆர்’ என்று இருக்கும். வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போக அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும். வேலை ஒப்பந்தம் அரசின் ‘இமைக்ரேட்’ இணையதளத்தில் ஏற வேண்டும். பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு எடுக்க வேண்டும். ஏஜென்ட் 30,000 ரூபாய்க்கும் வரிக்கும் மேல் வாங்கக்கூடாது என்பது விதி. முன்பணக் கடன் என்ற பழைய கயிற்றை அறுக்கத்தான் அந்த வரம்பு. அதற்கு மேல் கேட்கிறவர்களும், நகையை அடகு வைத்துக் கொடுக்கிறவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

அந்த மேலூர்த் தம்பியிடம் “ஏஜென்டோட பதிவு எண் இருக்காப்பா?” என்று கேட்டேன். பர்ஸிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்தார். படிக்கட்டில் உட்கார்ந்து அவருடைய போனிலேயே இமைக்ரேட் தளத்தைத் திறந்தோம். தகர டிக்கெட்டில் இருந்த எண் தொழிலாளி போக வேண்டிய தோட்டத்தை அடையாளம் காட்டியது. இப்போது அவர் கையில் இருந்தது ஆள் சேர்க்கிறவரின் எண். ஒவ்வோர் இலக்கமாக அவர் வாசிக்க நான் தட்டினேன். சிக்னல் இல்லாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பெயர் வந்தது, உரிமம் எதுவரை செல்லும் என்ற தேதியும் வந்தது. தம்பி அதைக் கார்டோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தார்.

“எவ்வளவு கேட்டிருக்காரு?” என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தார்.