ஒரு முகவரி, பல வீடுகள்



என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. அதன் உள்ளே இரண்டு சிறு கிண்ணங்கள், ஒரு குறுக்குத் தண்டின் இரு முனைகளிலும் அமர்ந்திருக்கின்றன. ஒன்றில் 0.2 மில்லிமீட்டர் மழைக்கு உரிய நீர் சேர்ந்ததும் அது சாய்ந்து நீரைக் கொட்டிவிடும். மற்றொன்று மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு மின்துடிப்பு உண்டாகும். அத்துடிப்புகளை ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினி எண்ணுகிறது. எண்ணியதை ஓர் இணையப் பக்கமாகக் காட்டுவதும் அதுவே. கேட்போருக்குத் தகவலை எடுத்து வழங்கும் இத்தகைய கணினியைச் சர்வர் என்கிறோம்.

வீட்டில் இருந்தபடி கைப்பேசியில் பார்த்தேன். பக்கம் உடனே வந்தது. மறுநாள் கல்லூரியில் மாணவர்களுக்குக் காட்ட முயன்றேன், வரவில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த நாள் அது. வீட்டில் மின்சாரம் இருந்தது, இணையம் இருந்தது, கிண்ணங்களும் மாறிமாறிச் சாய்ந்துகொண்டுதான் இருந்தன. ஆயினும் வெளியிலிருந்து சென்ற அழைப்பு ஒன்றுகூட அக்கணினியைச் சென்றடையவில்லை.

ஏன்? இக்கேள்விக்கு விடை ஓர் எளிய பெருக்கல் கணக்கில் இருக்கிறது. வாருங்கள், அதைப் பார்ப்போம்.

முப்பத்திரண்டு பிட்டுகள்

கடிதம் போய்ச் சேர முகவரி வேண்டும். அதுபோல் இணையத்தில் தகவல் போய்ச் சேர ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் வேண்டும். அதுவே ஐ.பி. முகவரி. நான்கு எண்களைப் புள்ளி வைத்து எழுதியது போல அது இருக்கும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். கணினியின் மொழியில் இது எட்டு பிட்டுகள். நான்கு எண்களுக்கு 32 பிட்டுகள்.

ஒரு பிட் என்பது 0 அல்லது 1. ஆகவே மொத்த முகவரிகள் இரண்டை 32 முறை பெருக்கினால் வரும் எண், அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296.

இந்த 32 என்னும் அளவு 1977-ஆம் ஆண்டில் வின்ட் செர்ஃப் என்னும் அமெரிக்க விஞ்ஞானியின் பொறுப்பில் நடந்த ஆய்வில் தீர்மானிக்கப்பட்டது. ஒரு சோதனைக்கு இது போதும் என்று அன்று தாம் கருதியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1981 செப்டம்பரில் அந்த விதிமுறை வெளியாயிற்று. சோதனையோ முடியவே இல்லை. அதுவே உலக இணையமாக வளர்ந்துவிட்டது!

வீட்டுக்கு ஒரு கணினிகூட இல்லாத காலத்தில் 429 கோடி என்பது கடல் போலத் தோன்றியது. இன்று ஒரே வீட்டில் கைப்பேசி, தொலைக்காட்சி, கண்காணிப்புக் காமிரா என்று பத்துக் கருவிகள் இருக்கக்கூடும். 2011 பிப்ரவரி 3 அன்று, உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசி ஐந்து முகவரித் தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் நம் ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் முகவரிகள் ரேஷன் முறைக்கு வந்துவிட்டன.

காப்பாளரின் குறிப்பேடு

பொருள் குறைவு, கேட்போர் அதிகம் என்றால் என்ன செய்வோம்? பகிர்ந்துகொள்வோம். ஒரு முகவரியைப் பலர் எப்படிப் பகிர்வது? இதற்கு ஒரு மாணவர் விடுதியை எண்ணிப் பாருங்கள்.

அஞ்சலகத்துக்குத் தெரிந்தது விடுதியின் முகவரி ஒன்றுதான். அறை எண்கள் தெரியாது. 12-ஆம் அறை மாணவன் சென்னையிலுள்ள ஒரு புத்தகக் கடைக்குக் கடிதம் எழுதுகிறான். விடுதிக் காப்பாளர் உறையின் மேல் ‘விடுதி, எண் 41’ என்று அனுப்புநர் முகவரியை எழுதி அனுப்புகிறார். தம் குறிப்பேட்டில் ‘41: அறை 12, புத்தகக் கடை’ என்று குறித்துக்கொள்கிறார். பதில் ‘விடுதி, எண் 41’ என்று வரும். அவர் குறிப்பேட்டைப் புரட்டி, 12-ஆம் அறைக்கு அனுப்பிவிடுவார்.

உங்கள் வீட்டு ரௌட்டர் செய்வது இதே வேலைதான். அந்த 41 போன்ற எண்ணுக்குப் போர்ட் எண் என்று பெயர். அது 16 பிட்டுகள் கொண்டது. ஆகவே 65,536 எண்கள் உண்டு.

இப்போது முன்பின் தெரியாத ஒருவர் ‘விடுதி’ என்று மட்டும் முகவரியிட்டு ஒரு கடிதம் எழுதுகிறார். குறிப்பேட்டில் அதற்கு வரி ஏதும் இல்லை. காப்பாளர் யாரிடம் கொடுப்பார்? கிழித்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளிருந்து தொடங்கும் உரையாடலுக்குப் பதில் வரும். வெளியிலிருந்து தொடங்கும் உரையாடல் நுழைய முடியாது.

இதற்கும் ஒரு பரிகாரம் உண்டு. ‘80 என்ற எண்ணுக்கு எது வந்தாலும் மாடிக் கணினிக்குக் கொடு’ என்று ரௌட்டரில் நிரந்தரமாக எழுதி வைக்கலாம். 80 என்பது இணையப் பக்கங்களுக்கு வழக்கமான போர்ட் எண். நானும் அப்படித்தான் எழுதி வைத்தேன். ஆனாலும் பக்கம் வரவில்லை!

வளாகத்தின் வெளி வாயில்

காரணம் இதுதான். என் விடுதியே ஒரு பெரிய வளாகத்துக்குள் இருந்தது. வெளி வாயிலில் மற்றொரு காவலரும் மற்றொரு குறிப்பேடும் இருப்பதை நான் அறியவில்லை.

முகவரிப் பற்றாக்குறையால் இணையச் சேவை நிறுவனங்கள் பல, வீட்டுக்கு ஒரு பொது முகவரி தருவதில்லை. பல வீடுகளைச் சேர்த்து ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கின்றன. இம்முறையைச் சி.ஜி.நாட் என்பார்கள். என் வீட்டுக் காப்பாளர் என் சொல் கேட்பார். வெளி வாயில் காவலர் கேட்கமாட்டார். அவர் நிறுவனத்தின் ஆள். கடிதம் அவரிடமே நின்றுவிடும்போது உள்ளே நான் எழுதி வைத்த வரியால் என்ன பயன்?

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. 64 வீடுகள் ஒரு முகவரியைப் பகிர்வதாக வைத்துக்கொள்வோம். அந்த முகவரியில் 80 என்ற போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை 64 பேரில் யாருக்குக் கொடுப்பது? 65,536 போர்ட் எண்களில் முதல் 1,024-ஐ ஒதுக்கிவிட்டு மீதியைச் சமமாகப் பிரித்தால், வீட்டுக்கு 1,008 எண்கள் கிடைக்கும். பக்கங்களைப் படிக்கவும் திரைப்படம் பார்க்கவும் இது போதும். ஆனால் பகிர்வோர் தொகை பெருகப் பெருக இந்தப் பங்கும் சுருங்கும்.

வேறொரு தொல்லையும் உண்டு. 64 பேரில் ஒருவர் ஓர் இணையதளத்தில் குறும்பு செய்தால், அந்தத் தளம் அந்த முகவரியையே தடை செய்யக்கூடும். ஒன்றும் அறியாத 63 வீடுகளுக்கும் தண்டனை! குற்றவாளியைத் தேடும் காவல்துறைக்கும் இது சிக்கல்தான். ஒரே முகவரியின் பின்னால் பலர் நிற்பதால் விசாரணை தடைப்படுகிறது என்று ஐரோப்பியக் காவல் கூட்டமைப்பான யூரோப்போல் 2017-இல் வெளிப்படையாகவே முறையிட்டது.

உங்கள் வீடு எந்தப் பக்கம்?

இதை நீங்களே சோதித்து அறியலாம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில், வெளிப்புற இணைப்புக்கு உரிய முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, ‘என் ஐ.பி. முகவரி என்ன?’ என்று தேடுபொறியில் கேட்டு, நான்கு எண்களாலான முகவரியாக அது காட்டுவதையும் குறியுங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களுக்கென்று ஒரு பொது முகவரி இருக்கிறது. வேறுபட்டால் பெரும்பாலும் நீங்கள் வளாகத்துக்குள் இருக்கிறீர்கள்.

இன்னோர் அடையாளமும் உண்டு. இத்தகைய உள்முகவரிகளுக்கென்றே 2012 ஏப்ரலில் ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. முதல் எண் 100 ஆகவும், இரண்டாம் எண் 64 முதல் 127 வரையிலும் இருந்தால் அது அந்தத் தொகுதியைச் சேர்ந்தது. அதில் எத்தனை முகவரிகள் என்று கணக்கிட முடியுமா? 64 × 256 × 256 = 41,94,304. ரௌட்டரின் வெளிப்புற முகவரி 10 என்ற எண்ணில் தொடங்கினாலும் அது உள்முகவரியே.

மூன்று வழிகள்

‘அப்படியானால் காணொளி அழைப்பில் வெளியூர் நண்பன் என் கைப்பேசியை எப்படி எட்டுகிறான்?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இருவரும் முதலில் ஒரு பொதுச் சர்வருடன் பேசுகிறீர்கள். அது ஒருவர் முகவரியை மற்றவருக்குச் சொல்கிறது. உடனே இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் தகவல் அனுப்புகிறீர்கள். இரு வாயில்களின் குறிப்பேட்டிலும் ஒரு வரி பதிவாகிவிடுகிறது, வழி திறந்துகொள்கிறது. சில வாயில்களில் இது பலிப்பதில்லை. அப்போது நடுவிலுள்ள சர்வரே பேச்சை வாங்கிக் கொடுக்கிறது.

இந்தக் குறிப்பிலேயே வீட்டுச் சர்வருக்கும் ஒரு வழி இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வர முடியாதென்றால், உள்ளிருந்து வெளியே போகலாமே! பொது முகவரி உடைய ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்து, மாடிக் கணினியே அதனுடன் ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பார்வையாளர் வாடகைச் சர்வருக்கு வருவார். அவருடைய கேள்வி ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பின் வழியே வீட்டுக்கு வந்து சேரும். இதைச் சுரங்கவழி என்பார்கள். பேச்சின்றிக் கிடக்கும் வரியைக் காவலர் சற்று நேரத்தில் அடித்துவிடுவார். ஆகவே மாடிக் கணினி அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிறு தகவல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ‘வயர்கார்ட்’ என்னும் மென்பொருளில் இதற்கு 25 விநாடி இடைவெளி வழக்கம்.

இரண்டாவது வழி, தனிப் பொது முகவரி கேட்டுப் பெறுவது. சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்குத் தருகின்றன. பணம் கட்டினால் முடிந்தது. ஆனால் எல்லோரும் கேட்டால் கொடுக்க முகவரி எங்கே இருக்கிறது?

மூன்றாவது வழியே மூலத்தைத் தீர்ப்பது. 1998 டிசம்பரில் ஐ.பி. ஆறாம் பதிப்பின் விதிமுறை வெளியாயிற்று. அதில் முகவரிக்கு 128 பிட்டுகள். ஒரு வீட்டுக்கு வழக்கமாகத் தரும் மிகச் சிறிய தொகுதியில் இரண்டின் 64-ஆம் அடுக்கு முகவரிகள் உண்டு. பழைய இணையத்தின் மொத்த முகவரிகளை அதே எண்ணால் பெருக்கினால் எவ்வளவோ, அவ்வளவு ஒரே வீட்டுக்கு! பகிரவேண்டிய தேவையே இல்லை. இதை ஏற்றுக்கொள்வதில் முன்னணியிலுள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. ஆயினும் இரு முனைகளிலும் புதிய பதிப்பு இருந்தால்தான் பேச்சு நடக்கும். என் வீட்டில் அது வந்துவிட்டது; நான் முயன்ற கல்லூரி இணைப்பில் இல்லை. ஆகவே என் மழைமானி இன்று சுரங்கவழியில்தான் பேசுகிறது.

ஓர் எச்சரிக்கை. வாயில் அடைத்திருப்பதால் ஒரு நன்மையும் உண்டு. வேண்டாதவர் எளிதில் நுழைய முடியாது. எந்த வழியில் கதவைத் திறந்தாலும் வலுவான கடவுச்சொல் வையுங்கள். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

முடிவாக ஒன்று. இணையத்தை வகுத்தவர்கள் எந்தக் கணினியும் எந்தக் கணினியுடனும் நேரே பேசலாம் என்றே வகுத்தார்கள்; கேட்பவர் ஒரு சாதி, கொடுப்பவர் ஒரு சாதி என்று பிரிக்கவில்லை. முகவரி தீர்ந்துபோனதால், பெரிய நிறுவனங்கள் கொடுப்பவை ஆயின. பல வீடுகள் கேட்பவையாக மட்டும் நின்றுவிட்டன. உங்கள் ஊரில் இன்று எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்பதை உலகுக்குச் சொல்ல உங்களிடமும் ஒரு செய்தி இருக்கிறது அல்லவா? இன்று மாலை ரௌட்டரின் முகவரியைப் பாருங்கள். இரண்டாம் எண் 64-க்கும் 127-க்கும் இடையில் இருக்கிறதா?