வானவெளியில் தானே தீர்மானிக்கும் யந்திரம்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் மலைப்பாதையில் மூடுபனி இறங்கிவிட்டால், பஸ் சாரதி தன் கண்ணையும் கையையுமே நம்பவேண்டும். அடுத்த வளைவில் எப்பக்கம் திரும்புவது என்று கொழும்புக்குக் கேட்டனுப்பி, விடை வரும்வரை காத்திருக்க அவனால் இயலாது. வானவெளிக் கலங்களின் நிலையும் இதுவே.

சந்திரன் சராசரியாக 3,84,400 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. வானொலி அலை அங்கே சென்று மீள இரண்டரை விநாடி ஆகும். செவ்வாய்க்கோ ஒருவழிப் பயணத்துக்கே 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை செல்லும். ஆதலால், தரையிறங்கும் வேளையில் கலம் தானே கண்டு, தானே தீர்மானித்தல் வேண்டும்.

2019 செப்டெம்பர் 7ஆம் திகதி இந்தியாவின் விக்ரம் என்னும் இறங்குகலம் சந்திரனில் மோதிச் சிதைந்தது. வேகத்தைத் தணிக்கையில் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைத் திருத்தும் பொருட்டு விரைந்து திரும்புதற்கு, கலத்துக்கு விதித்திருந்த வரம்பு இடந்தரவில்லை. இறங்கவேண்டிய நிலமும் 500 மீற்றர் சதுரமே.

அடுத்த கலத்தை அமைத்தோர், எவையெல்லாம் தவறக்கூடும் என்பதையே முதலில் ஆராய்ந்தனர். இறங்கு நிலத்தை 4 கிலோமீற்றர் நீளமும் 2.4 கிலோமீற்றர் அகலமுமாக விரித்தனர். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அத்திட்டத்தின் இயக்குநர். 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி மாலை, 30 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அக்கலம் தானாகவே இறங்கலாயிற்று. நிலத்துக்குச் சுமார் 150 மீற்றர் மேலே சற்று நின்று, கல்லும் குழியும் இல்லாத இடத்தைக் கமராவால் ஆராய்ந்தபின் 6.04 மணிக்குத் தரை தொட்டது.

இது முன்னரே வகுத்துக் கொடுத்த விதிகளின்படி இயங்கும் திறமை. செயற்கை நுண்ணறிவில் கற்றல் என்பது மற்றொரு படி. தேயிலை மலையில் புதிதாக நிரை பிடிக்கும் பெண், கொழுந்து இது, முற்றிய இலை இது என்பதைச் சூத்திரங்கொண்டு அறிவதில்லை. ஆயிரமாயிரம் இலைகளைக் கண்டே அறிகிறாள். அவ்வாறே, கெப்ளர் தொலைநோக்கி பதிந்த, மனிதர் முன்னரே தரம்பிரித்து வைத்த 15,000 ஒளிக்குறிப்புகளைக் காட்டி ஒரு யந்திரத்தைப் பயிற்றினர் ஷல்லூ, வாண்டர்பர்க் என்னும் இரு அறிஞர். கண்ணுக்குத் தப்பியிருந்த மெல்லிய குறிப்பொன்றை அது சுட்டியது. அவ்விருவரும் சோதித்து உறுதிசெய்தபின், கெப்ளர்-90 என்னும் விண்மீனின் எட்டாவது கோளாக 2017 டிசெம்பரில் அது அறிவிக்கப்பட்டது.

எனினும், கற்பித்தவனின் குறையும் யந்திரத்தோடு பயணஞ்செய்கிறது. வழியில் திருத்துவோர் எவருமில்லை. ஆதலின், கலம் எவ்வளவு தொலைவு செல்கிறதோ, அவ்வளவுக்குப் புறப்படுமுன் மனிதன் செய்யவேண்டிய சிந்தனையும் மிகுகின்றது.