உங்களுக்குத் தெரியுமா? சின்ன ஊர்ப் பள்ளியும் பெரிய சதவீதமும்

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் இறுதி வகுப்பில் மொத்தமே 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை தவறினால் தேர்ச்சி 100-லிருந்து 92 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அடுத்த ஆண்டே மறுபடி 100 ஆகலாம். ஆசிரியர்களிலும் பாடத்திலும் எந்த மாற்றமும் இருந்திருக்காது.

*

தவறியது யார் என்று ஊரே கண்டுபிடித்துவிடும் அல்லவா? அதைத் தடுக்க ஒரு சட்டம் 1974 முதல் அங்கே இருக்கிறது. சிறிய பிரிவுகளின் எண்ணை வெளியிடாமல், அந்தக் கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். இனவாரியாகவும் வருமானவாரியாகவும் பிரித்துப் பார்த்தால், சில பள்ளிகளின் அறிக்கையில் எண்களைவிட நட்சத்திரங்களே அதிகம். மிகவும் நியாயமான ஏற்பாடு இது.

*

பென்சில்வேனியா பள்ளி மதிப்பெண்களை ஆராய்ந்த புள்ளியியல் அறிஞர் ஹோவர்ட் வெய்னர், பட்டியலின் உச்சியில் சிறிய பள்ளிகள் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டார். கடைசி வரிசையிலும் அவையே நிறைய இருந்தன! ஓரிரு பிள்ளைகளாலேயே சதவீதம் ஏறி இறங்குவதுதான் காரணம். சிறிய உயர்நிலைப் பள்ளிகளை உருவாக்குவதை முக்கியத் திட்டமாக எடுத்துக்கொண்ட கேட்ஸ் அறக்கட்டளை, உயர்நிலைப் பள்ளிகளுக்காகச் சுமார் 200 கோடி டாலர் செலவிட்டது. அந்தச் சிறிய பள்ளிகள் பலவற்றில் பெரிய முன்னேற்றம் இல்லை என்று 2009-இல் பில் கேட்ஸே எழுதினார்.

*

ஒரு பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அங்கே மதிய உணவை வைத்தே நெடுங்காலம் கணக்கிட்டார்கள். குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் உணவு இலவசம். 185 வரை சலுகை விலை. விண்ணப்பம் கொடுக்கக் கூச்சப்படும் பதின்வயதுப் பிள்ளைகள் கணக்கிலேயே வர மாட்டார்கள். ஏழைகள் மிகுந்த பள்ளிகளில் இப்போது எல்லோருக்கும் இலவசமாகவே பரிமாறலாம். அங்கே உணவை வைத்து ஏழைகளைக் கணக்கிட முடியாதுதான்; ஆனாலும் பிள்ளைகள் கூச்சமின்றிச் சாப்பிடுவதைவிடத் துல்லியமான புள்ளிவிவரம் பெரிதல்ல.

*

9-ஆம் வகுப்பில் சேர்ந்தவர்களில் 4 ஆண்டில் படிப்பை முடித்தவர் எத்தனை பேர் என்பதே அங்கே முக்கியமான அளவுகோல். பண்ணை வேலைக்கு இடம்பெயரும் குடும்பம் பிள்ளையோடு கிளம்பிவிட்டால், வேறு பள்ளியில் சேர்ந்ததற்கு எழுத்துச் சான்று வரவேண்டும். வராவிட்டால் அந்தப் பிள்ளை படிப்பை முடிக்காதவர் கணக்கில்தான். முடித்தவர் விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே போனால், 2015-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி அது தனிக் கவனம் தேவைப்படும் பள்ளி.

*

அலாஸ்காவின் பழங்குடிக் கிராமங்கள் பலவற்றில் 1970-கள் வரை உயர்நிலைப் பள்ளியே கிடையாது. 14 வயதுப் பிள்ளைகள் வீட்டைவிட்டுத் தொலைதூர விடுதிப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஓரிகன், ஓக்லஹோமா வரைகூட. இது அநீதி என்று 1972-இல் வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர், யூகான் ஆற்று முகத்துவாரத்து எம்மோனாக் கிராமத்தைச் சேர்ந்த மோலி ஹூட்ச் என்ற மாணவி. 1976-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 126 கிராமங்களுக்கு உயர்நிலைப் பள்ளி உரிமை கிடைத்தது. மாணவர்கள் தொடுத்த ஒரு வழக்கு எத்தனை வீடுகளில் பிள்ளைகளைத் தங்கவைத்திருக்கிறது!

*

அதே அலாஸ்காவில், மாணவர் எண்ணிக்கை 10-க்குக் கீழே இறங்கினால் பள்ளிக்கு வரும் மாநில நிதி பெருமளவு குறைந்துவிடும். கோடியாக் தீவின் கார்லுக் கிராமத்துப் பள்ளி 2018-இல் இப்படித்தான் மூடப்பட்டது. அதைத் திறக்க வைக்க, பிள்ளைகள் உள்ள இரண்டு குடும்பங்கள் தேவை, ஓராண்டுச் செலவை நாங்களே ஏற்கிறோம் என்று 2021-இல் கிராமத்தின் பழங்குடி மன்றம் விளம்பரம் கொடுத்தது.